வாக்காளர் பிடித்த தராசு

இரு கட்சிகள் எதிரெதிரே நிற்கும் தேர்தலில் வாக்காளனுக்கு வழி காட்டப் பல துணைகள் உண்டு. கொள்கை வழி காட்டும். கொடி வழி காட்டும். தந்தை பாட்டன் காலத்து வழக்கமும் வழி காட்டும். ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் ஒரே பதவியை நாடிப் போட்டியிடும்போதோ இத்துணைகள் யாவும் மௌனமாகி விடுகின்றன. அப்பொழுது வாக்காளன் எதை வைத்து அபேட்சகர்களை நிறுத்துப் பார்க்கிறான்? குணத்தையா, குலத்தையா, மதத்தையா, பணத்தையா? இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் மலைப்பிரதேசம் ஒன்றில் 1960-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி கிடைத்த விடையை இன்று நமது வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவ்விடை முற்றிலும் களங்கமற்றதன்று. ஆகவேதான் அது கற்கத்தக்கது.

அமெரிக்காவில் ஜனாதிபதி பதவிக்கு ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகரைத் தேசீய மகாநாடு கூட்டித் தேர்ந்தெடுக்கிறது. 1960-ல் அம்மகாநாட்டுப் பிரதிநிதிகளிற் பெரும்பாலோரை அந்தந்த மாகாணத்துக் கட்சித் தலைவர்களே நிர்ணயித்து வந்தனர். சில மாகாணங்களில் மட்டுமே பூர்வாங்கத் தேர்தல் வைத்து, சாதாரணக் கட்சி வாக்காளரின் அபிப்பிராயத்தைக் கேட்டனர். மேற்கு வர்ஜீனியா அவற்றுள் ஒன்று. அங்கும் வாக்காளரின் தீர்ப்பு பிரதிநிதிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாத தீர்ப்புக்காக இரண்டு ஸெனேட்டர்கள் வாரக்கணக்கில் மலைப்பாதைகளில் அலைந்தது ஏன்? ஜனங்களுக்குப் பிடித்தவன் எவன் என்பதைக் கண்ணால் கண்டாலன்றிப் பெரிய மாகாணங்களின் தலைவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எழுத்துச் சட்டம் தராத அதிகாரத்தை ஜனசம்மதம் தருமென்பதை இரு அபேட்சகர்களும் அறிந்திருந்தனர்.

இருவரும் டெமாக்ரடிக் கட்சியினர். ஒருவர் மாஸசூஸெட்ஸ் ஸெனேட்டர் ஜான் கென்னடி, வயது 42, பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை, யுத்தத்தில் பசிபிக் கடலில் தம் படகு பிளவுண்டபோது சகாக்களைக் காத்த வீரர், மதத்தால் ரோமன் கத்தோலிக்கர். மற்றவர் மின்னஸோட்டா ஸெனேட்டர் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி, மருந்துக் கடைக்காரரின் மகன், தாமும் மருந்துக் கடையில் உழைத்தவர், 1948-ல் பிலடெல்பியா மகாநாட்டில் நீக்ரோக்களின் சம உரிமைக்காக அஞ்சாது பேசித் தம் கட்சியையே உலுக்கியவர், மதத்தால் பிராடெஸ்டண்டு. ஏப்ரல் மாதம் விஸ்கான்ஸினில் இருவரும் மோதினர். கென்னடி ஜயித்தார், ஆயினும் கத்தோலிக்கர் மிகுந்த தொகுதிகளே அவருக்குக் கைகொடுத்தன என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஜயத்தைத் தலைவர்கள் பூரண ஜயமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே, கத்தோலிக்கர் நூற்றுக்கு ஐவர் அளவே வாழும் மேற்கு வர்ஜீனியா பரீட்சைக்களமாயிற்று.

அம்மாகாணத்தின் நிலையை ஒருவாறு அறிதல் அவசியம். 1863-ல் உள்நாட்டு யுத்தத்தின் நடுவே வர்ஜீனியாவினின்று பிரிந்த நாடு அது. நிலக்கரியே அதன் செல்வம். நிலக்கரியே அதன் துயரம். யந்திரங்கள் சுரங்கத்தில் இறங்கவே மனிதர்கள் வெளியேறினர். 1950-ல் 20 லக்ஷத்துக்குச் சற்று அதிகமாயிருந்த ஜனத்தொகை 1960-ல் 18 லக்ஷத்து 60 ஆயிரமாகக் குறைந்தது. ஊரைவிட்டுப் போக இயலாதவர்கள் ஸர்க்கார் உபரிக் கிடங்கிலிருந்து அளந்து கொடுத்த மாவையும் பால்பொடியையும் கொண்டு ஜீவித்தனர். இத்தகைய ஜனங்களிடமே இரு அபேட்சகர்களும் வாக்குக் கேட்டுச் சென்றனர்.

பசித்தவன் முதலில் சோற்றைப் பற்றியன்றோ கேட்பான் என்று நாம் எண்ணுவோம். ஆனால் முதலில் எழுந்த கேள்வி மதம். 1959 டிசம்பரில் கென்னடிக்காக லூயி ஹாரிஸ் திரட்டிய அபிப்பிராயக் கணக்கில் 100-க்கு 70 பேர் கென்னடி பக்கம் நின்றனர். சில மாதங்களுக்குள், தேர்தல் நெருங்கியபோது, தலைநகரைச் சார்ந்த ஜில்லாவில் 100-க்கு 60 பேர் ஹம்ப்ரி பக்கம் சாய்ந்துவிட்டனர். இடையில் கென்னடி எக்குற்றமும் செய்யவில்லை. ஹம்ப்ரி எவ்வற்புதமும் நிகழ்த்தவில்லை. கென்னடி கத்தோலிக்கர் என்ற செய்தி பரவியது, அவ்வளவே! 1928-ல் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றதை அறிந்த கட்சித் தலைவர்கள் மீண்டும் அதே கதைதானோ என அஞ்சினர்.

கென்னடி இதனை எதிர்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. மதத்தைப் பற்றிப் பேசாதிருக்கும்படி அவருடைய ஆலோசகர்களிற் சிலர் கூறினர். அவரோ வெளிப்படையாகவே பேசினார். தாம் கடற்படையிற் சேர்ந்தபோதும், யுத்தத்தில் உயிர்நீத்த தம் தமையன் விமானத்தில் ஏறியபோதும், எம்மதத்தார் என்று எவரும் கேட்கவில்லையே என்றார். அரசியலமைப்பைக் காப்பதாகப் பிரமாணம் செய்த ஜனாதிபதி, மதபீடத்தின் கட்டளைக்குப் பணிவானாயின் அது தேசத்துக்குச் செய்யும் துரோகம் மட்டுமன்று, தெய்வத்துக்கு எதிரான பாபமுமாகும் என்று டெலிவிஷன் மூலம் விளக்கினார். மறைக்காது பேசியவரின் சொல்லுக்கு மலைநாட்டார் செவி சாய்த்தனர்.

இவ்விடத்தில் ஹம்ப்ரிக்கும் நியாயம் வழங்க வேண்டும். மதவெறி அவரிடம் லவலேசமும் இல்லை. எனினும் பிரசாரம் வளர வளர, கென்னடிக்கு வாக்களிப்பது பரந்த நோக்கம், ஹம்ப்ரிக்கு வாக்களிப்பது குறுகிய நோக்கம் என்ற எண்ணம் பரப்பப்பட்டது. மதத்துக்காக ஒருவனைத் தள்ளுவது தவறு. தான் மதவெறியன் அல்லன் என்று உலகுக்குக் காட்டுவதற்காகவே ஒருவனைக் கொள்வதும் தவறே. இரண்டிலும் தராசுத் தட்டில் ஏறியிருப்பது மதந்தான். தொழிலாளருக்காக உழைத்தவர் யார் என்று மட்டும் பார்த்திருந்தால், ஹம்ப்ரியின் தட்டு இலகுவாக மேலெழுந்திராது.

ஹம்ப்ரியின் பின்னே நின்றவர்கள் யார் என்ற கேள்வியும் எழுந்தது. லிண்டன் ஜான்ஸன் முதலியோர் தாம் நேரே களத்தில் இறங்காது, கென்னடியை எவரேனும் தடுத்தால் போதுமெனக் காத்திருந்தனர். ஜான்ஸனை ஆதரித்த அம்மாகாண ஸெனேட்டர் ராபர்ட் பெர்டு, கென்னடியைத் தடுக்க விரும்புவோர் ஹம்ப்ரிக்கு வாக்களிக்க வேண்டுமென்று பகிரங்கமாகவே கூறினார். தாம் ஆட்ட விரும்பும் காயை மறைத்துக்கொண்டு பிறன் காயை நகர்த்துவோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. வாக்காளன் அபேட்சகனை நோக்குவதோடு நில்லாமல், அவன் முதுகுக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்க வேண்டும்.

கென்னடியின் பக்கத்திலும் குறை இருந்தது. மலைநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் தெய்வம்போற் போற்றிய ரூஸ்வெல்ட்டின் பெயரைத் தாங்கிய அவர் குமாரர் கென்னடிக்காகப் பிரசாரம் செய்தார். அவர், ஹம்ப்ரி யுத்தகாலத்தில் படையிற் சேராததைக் குத்திக்காட்டி, கடமைக்கு அஞ்சியவர்போலப் பேசினார். உண்மையில் தேகநிலை காரணமாகவே ஹம்ப்ரி சேர்த்துக்கொள்ளப்படவில்லை. பிற்காலத்தில் ரூஸ்வெல்ட் அதற்காக வருந்தினார். ஆனால் எண்ணி முடிந்த வாக்குகளை வருத்தம் திருப்பிக் கொணராது.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்லுவோம். கென்னடி குடும்பத்தின் சொந்த விமானத்தில் பறந்தார். ஹம்ப்ரி பஸ்ஸில் ஊர்ந்தார். பல கிளைகளையுடைய பெருங்கடையை எதிர்த்து நிற்கும் சில்லறை வியாபாரி போலாயினேன் என்று ஹம்ப்ரி நொந்துகொண்டார். இறுதி நாட்களில் டெலிவிஷன் நேரத்துக்குத் தம் சொந்தக் கணக்கில் செக் எழுதிக் கொடுக்கும் நிலை அவருக்கு நேர்ந்தது. மேலும், அம்மாகாணத்துப் பல ஜில்லாக்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. வாக்குச்சீட்டிலே எண்ணற்ற பதவிகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனையோ பெயர்கள். ஆகவே ஸ்தலத் தலைவர்கள் யார் யாருக்கு வாக்களிப்பது என்று ஒரு ஜாபிதா அச்சிட்டு வாக்காளர் கையில் கொடுப்பர். அந்த ஜாபிதாவில் பெயர் இடம்பெறப் பணம் வேண்டும். இரு தரப்பினரும் இதற்கு முயன்றனர். ஒரு தரப்பின் பை பெரிது, மற்றதன் பை சிறிது. தேர்தலுக்குப் பின் பத்திரிகைகளும் அதிகாரிகளும் விசாரித்தனர். முடிவையே செல்லாததாக்கும் ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆயினும் ஐயத்தின் நிழல் அன்று முதல் இன்றுவரை அந்த ஜயத்தை விட்டு நீங்கவில்லை.

முடிவு யாது? கென்னடிக்கு 2,36,510 வாக்குகள். ஹம்ப்ரிக்கு 1,52,187 வாக்குகள். நூற்றுக்கு 61 பேர், தம் மதத்தைச் சேராத ஒருவரைத் தேர்ந்தனர். அன்றிரவே ஹம்ப்ரி போட்டியினின்று விலகினார். ஜூலை மாதம் லாஸ் ஏஞ்ஜல்ஸ் மகாநாட்டில் முதல் வாக்கெடுப்பிலேயே கென்னடி 806 வாக்குகள் பெற்றார். ஜான்ஸன் பெற்றவை 409. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு சிறு மாகாணத்தின் தீர்ப்பு, தேசத்துத் தலைவர்கள் அனைவரையும் கட்டுப்படுத்திவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் கென்னடி அமெரிக்காவின் முதற் கத்தோலிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த ஜயம் பணத்தின் ஜயமே என்று சிலர் கூறுவர். பரந்த நோக்கத்தின் ஜயமே என்று வேறு சிலர் கூறுவர். நாம் இரு சாராரோடும் முழுதும் உடன்படவில்லை. பணம் ஜாபிதாவில் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் நெஞ்சில் ஊறிய மதபேதத்தைக் காசு கொடுத்துக் கழுவ இயலாது. 84,000-க்கு மேற்பட்ட வித்தியாசம் முழுவதையும் ஜாபிதாக்களின் தலையிற் சுமத்துவது, தாமாகவே சிந்தித்து மனம் மாறிய ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு இழைக்கும் அநீதி. மறுபுறம், ஜயித்தவரின் குணத்தைக் கண்டு மயங்கி, அவருடைய பை செய்த வேலையை மறைப்பதும் பத்திரிகைத் தர்மமன்று. மேற்கு வர்ஜீனியா வாக்காளர் ஏறத்தகாத ஒரு படிக்கல்லைத் தராசினின்று இறக்கினர். மற்றொன்று தட்டிலேயே தங்கிவிட்டது. பாதி வெற்றி என்று இதனைச் சொல்லலாம். பாதி வெற்றியும் வெற்றியே. ஆனால் அதைப் பூரண வெற்றி என்று பறைசாற்றலாகாது.

வாக்களித்தவர்க்குக் கிடைத்தது என்ன என்பதையும் காண்போம். 1961 ஜனவரி 21-ஆம் தேதி, பதவியேற்ற மறுநாள், கென்னடி பிறப்பித்த முதல் நிர்வாக உத்தரவு, ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கும் உணவை அதிகப்படுத்துவதாகும். அவ்வாண்டு மே 29-ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியாவின் மக்டவல் ஜில்லாவிலுள்ள வெல்ச் நகரில், உணவுச் சீட்டுப் பரீட்சைத் திட்டத்தின் முதற் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. சுரங்கத் தொழிலாளரின் குடிசைகளில் கண்ட பட்டினியை அவர் மறந்துவிடவில்லை. தட்டில் ஏறி நின்றபோது அபேட்சகனும் ஒன்றைக் கற்றுக்கொள்ளுகிறான். வாக்காளரைக் காணாமலே பதவி பெறுபவனுக்கு அப்பாடம் கிட்டாது.

இதற்கு ஹம்ப்ரியின் பிற்கால வாழ்வே சான்று. 1968-ல் அவர் பூர்வாங்கத் தேர்தல்களில் வாக்காளரை நாடாமலே, தலைவர்களின் ஆதரவைக்கொண்டு சிக்காகோ மகாநாட்டில் கட்சியின் அபேட்சகரானார். மண்டபத்துக்கு வெளியே வீதிகளில் போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல். 1960-ல் வாக்காளர் முன் நின்று தோற்றபோது அவருக்கிருந்த மதிப்பு, 1968-ல் வாக்காளரைத் தவிர்த்து ஜயித்தபோது அவருக்கு இல்லாமற் போயிற்று. நவம்பரில் அவர் நிக்ஸனிடம் தோற்றார். அதன்பின் கட்சி தன் விதிகளைத் திருத்தியது. 1972 முதல் பூர்வாங்கத் தேர்தல்களே அபேட்சகரை நிர்ணயிக்கும் பிரதான வழியாயின.

வாசகர்களே! இக்கதையில் நமக்கு மூன்று படிப்பினைகள் உள. முதலாவது, பிறப்பால் வந்ததைத் தட்டில் வைக்காதீர். ஆதரவாகவும் வைக்காதீர், எதிராகவும் வைக்காதீர். இரண்டாவது, கையில் திணிக்கப்படும் ஜாபிதாவை அச்சிட்டவன் யார், அச்சுக்கூலி கொடுத்தவன் யார் என்று கேளுங்கள். மூன்றாவது, உம்மிடம் வந்து நின்று கேள்விகளுக்கு விடை கூறாதவனை, எவ்வளவு பெரிய தலைவர்கள் சிபாரிசு செய்யினும், உம்முடைய தலைவனென ஒப்பாதீர். வேலையிழந்து ஸர்க்கார் அளந்த மாவைத் தின்று வாழ்ந்த ஒரு சுரங்கத் தொழிலாளி தராசைக் கையில் எடுத்தபோது ஒரு தேசமே அவன் கையைப் பார்த்து நின்றது. உம்முடைய கையிலுள்ள தராசும் அத்தகையதே. அதைப் பிறர் கையிற் கொடாதீர். கொடுத்தபின் நிறை குறைந்ததென்று முறையிடாதீர்.