அம்மாவின் பழைய சேலையும் காலி மைலோ டின்னும்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அலமாரியின் அடியிலிருந்து வரும் அம்மாவின் பழைய சேலையைத் தூக்கிப் போட மனம் வராது. தோட்ட வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியவர்களுக்கோ அதை வைக்க இடமும் இருக்காது. அதையே வீட்டுக்கு அழகாக்கிக் கொள்ளலாம்.

கால்மிதி
நூல் சேலையை 2 அங்குல அகலத்தில் நீளவாக்கில் கிழியுங்கள். மூன்று துண்டுகளைச் சடையாகப் பின்னுங்கள். துணி தீரும் இடத்தில் அடுத்த துண்டைத் தைத்துத் தொடருங்கள். பின்னலை வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் ஊசிநூலால் இணையுங்கள். இறுக்கி இழுத்தால் கிண்ணம் போல் குழிந்துவிடும். மேசைமேல் தட்டையாக வைத்தே தையுங்கள். பட்டும் நைலக்ஸும் வழுக்கும், வேண்டாம்.

கரண்டி டப்பா
காலி மைலோ டின்னின் கூரான விளிம்பைக் குறடால் மடக்கி, மிஞ்சிய சேலைக் கரையை வெள்ளைப் பசையால் சுற்றி ஒட்டுங்கள்.

பூச்சாடி
ஈரத்தில் துணி மக்கிவிடும் என்பதால் இதற்குச் சாயம் பூசுவதே நல்லது. அடியில் ஆணியால் நான்கைந்து துளைகள் இடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஏறக்குறைய 7 முதல் 10 நாளில் கொசு பறக்கும். அடித்தட்டு நீரையும் வாரந்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசு பெருகினால் அபராதமும் உண்டு.

சேலையைக் கிழிக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முந்தானையை மட்டுமாவது எடுத்து வைக்கச் சொல்லக்கூடும்.