புளிய மரம் ஏறுவோருக்கு இரட்டைக் கயிறு

மாசி, பங்குனி மாதங்கள் புளி உலுக்கும் காலமாகும். பழம் முற்றி ஓடு உலர்ந்ததும், மரத்துக்கு உடையவர்களும் ஏலம் எடுத்தவர்களும் ஆட்களை அமர்த்தி மரத்தில் ஏற்றுகிறார்கள். ஏறுகிறவன் அடிமரத்தைத் தழுவி ஏறி, கிளைமேல் நின்று, மேற்கொம்பை ஒரு கையால் பற்றிக்கொண்டு, காலாலும் மறு கையாலும் கிளையை உலுக்குகிறான். நாற்பது அடி உயரத்தில் அவனைத் தாங்குவது அவனுடைய கைப்பிடி ஒன்றே. கை வழுக்கினாலும், உளுத்த கொம்பு ஒடிந்தாலும், குளவி கொட்டினாலும் அவன் விழுவது திண்ணம். முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவனுடைய குடும்பத்துக்கு, அம்மரம் அவ்வாண்டில் ஈன்ற புளி முழுவதையும் விற்றுக் கொடுத்தாலும் ஈடாகாது.

இவ்வபாயத்தைத் தடுக்கும் வழி ஒன்று உண்டு. இரண்டு கயிறுகளை மரத்தின் இரண்டு வெவ்வேறு கிளைகளில் அசையாதபடி கட்டி, இரண்டிலும் ஒருங்கே உடலைப் பிணைத்துக்கொண்டு ஏறுவதே அது. பிரிட்டனில் உயரமான இடங்களில் வேலை செய்வது குறித்து 2005-ஆம் ஆண்டில் ஏற்பட்ட விதிகள், கயிற்றில் தொங்கி வேலை செய்பவனுக்குத் தனித்தனியே கட்டப்பட்ட இரண்டு கயிறுகள் இருத்தல் வேண்டும் என்கின்றன. இரண்டாவது கயிற்றினால் அபாயம் அதிகமாகும் இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்நாட்டு மரத் தொழிலாளர் நெடுங்காலம் ஒற்றைக் கயிற்றையே நம்பியிருந்தனர். இரண்டு கயிறுகள் சிக்கிக்கொள்ளும், வேலை தாமதப்படும் என்பது பலருடைய ஆட்சேபமாயிருந்தது. பழகியபின் அது பெரும்பாலும் நீங்கிவிடும் குறையே என்பதைக் கீழே வரும் விவரங்களால் அறியலாம்.

இரண்டு கயிறுகள் ஏன்?

ஒற்றைக் கயிற்றில் ஏறுகிறவனுடைய உயிர் ஒரு கிளையையும், ஒரு முடிச்சையும், ஒரு கயிற்றையும் பற்றி நிற்கிறது. இம்மூன்றில் ஒன்று பழுதானாலும் அவனுக்கு வேறு ஆதாரமில்லை. கிளை கழிக்கும்போது அரிவாளோ ரம்பமோ தவறிக் கயிற்றின்மேல் பட்டு அதை அறுத்துவிடுவதும் உண்டு. இரண்டு கயிறுகள் இரண்டு கிளைகளில் இருப்பின், ஒன்று போனாலும் மற்றது தாங்கும். ஒரே கிளையில் இரண்டையும் கட்டுவதால் இப்பயன் கிட்டாது. கிளை முறிந்தால் இரண்டும் சேர்ந்தே விழும்.

மற்றொரு நன்மையும் உண்டு. ஒற்றைக் கயிற்றுடன் கிளை நுனிக்குச் சென்றவன் கால் வழுக்கினால், ஊஞ்சல்போல வீசப்பட்டு அடிமரத்தில் மோதுவான். எதிரெதிர்ப் பக்கங்களில் கட்டிய இரண்டு கயிறுகள் இவ்வீச்சைப் பெரிதும் அடக்கிவிடும். ஒன்றைச் சுருக்கி மற்றொன்றைத் தளர்த்தினால், கிளைக்குக் கிளை தாவாமல் பக்கவாட்டில் நகரவும் கூடும். எடை கச்சையின்மேல் நிற்பதால் கைகள் ஓய்கின்றன. முன்பு எட்டாத நுனிக்கொம்புகளையும் அருகிலிருந்து உலுக்கலாம். கோலால் அடித்தால் புளியின் இளந்தளிரும் பூவும் சேதமடையும். அச்சேதமும் இதனால் குறையும்.

வேண்டிய கருவிகள்

கமலை வடமும் தேங்காய் நார்க் கயிறும் இவ்வேலைக்கு ஆகா. அவை ஈரத்தில் உள்ளே நைந்துபோனாலும் வெளிப்பார்வைக்கு நன்றாகவே தோன்றும். உள்ளே இழைக்கரு வைத்து, மேலே உறை பின்னிய, அதிகம் நீளாத நைலான் கயிறே ஏற்றது. பருமன் 11 முதல் 13 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஐரோப்பியத் தரப்படி இவ்வகைக் கயிறு சுமார் 2,200 கிலோ பளுவுக்குக் குறையாமல் தாங்க வேண்டும்.

இடுப்பையும் இரு தொடைகளையும் தாங்கும் வார்க்கச்சை மற்றொரு தேவை. இடுப்பில் மட்டும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தொங்கினால் வயிறும் மார்பும் நெரிந்து மூச்சுத் திணறும். கட்டட வேலைக்கென முதுகில் மட்டும் வளையம் வைத்த கச்சையும் உதவாது; வளையம் முன்புறம் இடுப்பருகே இருத்தல் வேண்டும். தலைக்கவசம், தானே பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கிகள், சுமார் 300 கிராம் எடையுள்ள மணற்பை கட்டிய மெல்லிய நூற்கயிறு ஆகியவையும் தேவை.

கட்டும் முறை

முதலில் மரத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். பொந்து, பட்டகொம்பு, அடிமரத்தில் காளான், தேன்கூடு, குளவிக்கூடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. மின்சாரக் கம்பி அருகில் செல்லுமாயின், மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடு முடியும்வரை ஒருவரையும் ஏற்றலாகாது.

பின்னர் மணற்பையைத் தேர்ந்த கிளையின் கவட்டுக்கு மேலாக எறிந்து, நூற்கயிற்றின் வழியாகப் பெருங்கயிற்றை மேலே இழுக்க வேண்டும். பெருங்கயிற்றின் ஒரு நுனியில் நழுவாத கண்ணி முடிந்து, மறு நுனியை அதனூடே செலுத்தி இழுத்தால், கண்ணி மேலேறிக் கிளையை இறுகப் பற்றும். கிளை பசுமையாயும், ஆறு அங்குலத்துக்குக் குறையாத பருமனுடையதாயும், கட்டும் இடம் அடிமரத்தை ஒட்டியதாயும் இருப்பது நலம். இரண்டாவது கயிற்றை வேறொரு கிளையில் இவ்வாறே கட்ட வேண்டும். ஏறுவதற்குமுன் ஒவ்வொரு கயிற்றையும் இருவர் சேர்ந்து தொங்கிச் சோதிப்பது அவசியம்.

கயிற்றைக் கிளைமேல் போட்டு மறு நுனியை அடிமரத்தில் கட்டும் வழக்கமும் உண்டு. அவ்வாறு செய்தால் கிளைமேல் விழும் பளு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதை மறத்தலாகாது. 70 கிலோ எடையுள்ள ஆளுக்குக் கிளை 140 கிலோவைத் தாங்க நேரிடும்.

கயிறுகளுக்கு இடையிலுள்ள கோணமும் கவனிக்கத் தக்கது. இரண்டும் அருகருகே தொங்கினால் ஒவ்வொன்றும் பாதி எடையைத் தாங்கும். இடையே 90 பாகைக் கோணம் ஏற்படின், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொன்றிலும் சுமார் 50 கிலோ பளு விழும். 120 பாகையில் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்கும். அதற்கு மேல் பளு விரைவாக மிகும். ஆதலால் 90 பாகைக்கு மேற்படாமல் வேலை செய்வதே உத்தமம்.

ஏறுதலும் இறங்குதலும்

கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிச்சு இதற்கு மிகவும் உதவுகிறது. மெல்லிய கயிற்று வளையத்தைப் பெருங்கயிற்றின்மேல் மும்முறை சுற்றிப் போட்டால், பளு இல்லாதபோது கையால் தள்ள மேலே நகரும். பளு விழுந்தவுடன் இறுகப் பற்றும். இரு கயிறுகளிலும் இம்முடிச்சுகளை இட்டுக் கச்சையுடன் இணைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக மேலே தள்ளி ஏற வேண்டும். ஏறும் கயிற்றில் கால் வைக்க ஒரு வளையமும் கட்டிக்கொண்டால் காலின் வலியால் சிரமமின்றி ஏறலாம்.

இறுகிய முடிச்சு முழு எடையுடன் எளிதில் இளகாது. ஆகையால் இறங்குவதற்கு ஒரு கயிற்றில் எட்டு வடிவ உலோக வளையத்தைப் பூட்டி, மறு கயிற்றில் முடிச்சைக் காவலாக வைத்து, மெதுவாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். முடிச்சைக் கையால் கெட்டியாகப் பிடித்திருந்தால் விழும்போது அது பற்றாது. விரைந்து இறங்கினால் உராய்வின் சூட்டில் நைலான் உருகும். ஆறேழு அடி உயரத்தில் பலமுறை ஏறி இறங்கி, தேர்ந்தவர் முன்னிலையில் பழகிய பின்னரே உயரச் செல்லலாம்.

கீழே முறை அறிந்த ஒருவன் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். மயங்கிக் கச்சையில் அசைவின்றித் தொங்குபவனுக்குக் கால்களில் இரத்தம் தங்கிச் சில நிமிஷங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். கயிறுகள் கட்டியபடியே இருப்பதால், மற்றொருவன் ஏறிச்சென்று அவனை இறக்குவது எளிதாகிறது.

பொருந்தாத மரங்கள்

கிளையில்லாத பனைக்கும் தென்னைக்கும் இம்முறை பொருந்தாது. அவற்றுக்குத் தளைநாரும் ஏறு கருவிகளுமே உரியன. முருங்கை, நாவல் போன்ற எளிதில் முறியும் கொம்புடைய மரங்களைக் கயிறு கட்ட நம்பலாகாது. வைரம் பாய்ந்த கிளைகளையுடைய புளிக்கு இது மிகவும் ஏற்றது.

உடையவர் கடமை

கயிற்றை நிழலில், எலி அணுகாத இடத்தில், உரமும் அமிலமும் படாமல் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் நைலான் வலுவிழக்கும். மாடு கட்டவும் மூட்டை கட்டவும் அதை எடுக்கலாகாது. உறை கிழிந்த கயிற்றை அன்றே ஏறும் வேலையிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

முதல் நாட்களில் கயிறு கட்டவே நெடுநேரம் ஆகும் என்பது உண்மை. பழகிய ஆளுக்கு அந்நேரம், களைப்பின்றி நுனிவரை உலுக்குவதால் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஒருவர் தனியே கருவிகளை வாங்க இயலாவிடின், ஊரார் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி முறைவைத்து உபயோகிக்கலாம். சாலையோரத்திலும் புறம்போக்கிலும் உள்ள புளிய மரங்களை ஏலம் விடும் அதிகாரிகள், இரட்டைக் கயிறின்றி ஆள் ஏற்றலாகாது என்பதை ஏல நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்கலாம். ஏறுகிறவன் கூலிக்காகத் துணிந்து ஏறுகிறான். அவன் எவ்வாறு ஏற வேண்டும் என்று விதிக்கும் அதிகாரம் அவனை ஏற்றுகிறவர்களிடமே உள்ளது. அடுத்த மாசி பிறக்குமுன் கயிறுகளை வாங்கி, ஆட்களைப் பழக்கிவைப்பது அவர்களுடைய பொறுப்பாகும்.