சிறுசேமிப்பும் அரசின் பங்கும்

வறியோரால் சேமிக்க இயலாது என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவிவருகிறது. அமெரிக்க அறிஞர் மைக்கேல் ஷெராடன் 1991-இல் இக்கருத்தை மறுத்தார். அன்றாட வருவாயோடு கையிருப்பும் சேர்ந்தால்தான் வறுமை விலகும் என்பது அவர் கொள்கை. எளியோர் சேமிக்கும் தொகையோடு அரசோ அறநிறுவனமோ தன் பங்கையும் சேர்ப்பதே அவர் கூறிய வழி. இதனை இணைப்பங்குச் சேமிப்பு எனலாம்.

தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் நடைபெறும் மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் இவ்வகையைச் சார்ந்தது. மீன்வரத்து மிகுந்த மாதங்களில் மீனவர் ஒருவர் சிறுகச் சிறுகச் செலுத்துவது 1500 ரூபாய். அரசின் பங்கு 3000 ரூபாய். இரண்டும் சேர்ந்த 4500 ரூபாய், மீன்வரத்துக் குறைந்த மாதங்களில் அவருக்கே வழங்கப்படுகிறது. வட்டிக்குக் கடன் வாங்கி உண்ணும் நிலையை இத்தொகை ஓரளவு தவிர்க்கிறது.

வேளாண் கூலித் தொழிலாளர்க்கும் இத்தகைய வறண்ட மாதங்கள் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்திலுள்ள மானாம்பதி போன்ற சிற்றூர்களில், நடவும் அறுவடையும் முடிந்தபின் வயல்வேலை அருகிவிடும். அமைப்புசாராத் தொழிலாளர்க்கென நடுவண் அரசு 2019-இல் தொடங்கிய ஷ்ரம் யோகி மாந்தன் ஓய்வூதியத் திட்டத்தில் இவர்களும் சேரலாம். 18 வயதில் சேர்பவர் மாதம் 55 ரூபாயும், 40 வயதில் சேர்பவர் 200 ரூபாயும் செலுத்த வேண்டும். அதே அளவு தொகையை அரசும் செலுத்தும். 60 வயதுக்குப் பின் மாதம் 3000 ரூபாய் ஓய்வூதியம் கிடைக்கும்.

இரு திட்டங்களிலும் அரசு பங்களிக்கிறது. ஆயினும் பயன் வேறுபடுகிறது. மீனவரின் சேமிப்பு ஓராண்டுச் சுழற்சிக்குள் திரும்புகிறது. கூலித் தொழிலாளியின் சேமிப்போ முதுமையில்தான் பயன்தருகிறது. தொடர இயலாமல் 10 ஆண்டுகளுக்குள் விலகுவோர் தாம் செலுத்திய தொகையையும் அதற்குரிய சேமிப்புக் கணக்கு வட்டியையுமே பெறுவர். அரசின் பங்கு அவர்களைச் சேராது. ஆகவே, நிலையான கூலி இல்லாதவரே அரசின் பங்கை இழக்கும் இடர் மிகுதி.

இவ்விடைவெளியில் கைகொடுப்பவை, 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள். குழுவின் சேமிப்பைக் கருத்தில்கொண்டு வங்கி அதனினும் பன்மடங்கு தொகை வழங்குகிறது. எனினும் அது கடன். திருப்பிச் செலுத்த வேண்டியது.

எனவே, ஒரு சேமிப்புத் திட்டத்தை மதிப்பிடும்போது அரசு எவ்வளவு தருகிறது என்பதோடு, அது எப்போது கைக்கு வருகிறது என்பதையும் ஆராய வேண்டும். வேலையற்ற மாதத்தையும் கணக்கிற்கொண்டு வகுக்கப்படும் திட்டமே உழைப்போரின் சேமிப்பைக் காக்கும்.