தாய் மடிந்தும் சேய் ஓடுவது ஏன்?

மாணவர்களே! 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கணிப்பொறியோடு வந்தது. அண்ணனோ அக்காவோ பெற்ற அந்தப் பழைய கணிப்பொறி வீட்டில் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்ப்போம். வேறு எந்த லினக்ஸ் கணிப்பொறியும் போதும்.

ஒரு கோப்பில் ஆங்கில எழுத்துகளில் இரண்டு வரிகள் எழுதுங்கள். முதல் வரி, 500 நொடி சும்மா இருக்கச் சொல்லும் ‘ஸ்லீப் 500’. அடுத்தது ‘எக்கோ முடிந்தது’. கோப்பை ‘பாஷ்’ கொண்டு இயக்கினால் இரு செயல்கள் உண்டாகின்றன. கோப்பைப் படிக்கும் பாஷ் தாய். அது ‘ஃபோர்க்’ என்னும் முறையால் ஈன்ற ஸ்லீப் சேய். தாயின் எண் 2417, சேயின் எண் 2418 என்று கொள்வோம்.

கண்ட்ரோல், சி விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். இரண்டும் மடியும். மறுபடி இயக்கி, வேறொரு சாளரத்திலிருந்து ‘கில்’ என்று எழுதித் தாயின் எண்ணைக் கொடுங்கள். தாய் மட்டுமே மடியும். சேய் உறங்கிக்கொண்டே இருக்கும். உறங்கும் சேயால் தீங்கில்லை. அது ஓயாமல் கணக்கிடும் நிரலாக இருந்தால்? ‘நிறுத்திவிட்டேன் சார்’ என்று மாணவர் ஆய்வகத்தை விட்டுப் போய்விடுவார். கணிப்பொறியின் விசிறி இரைந்துகொண்டே இருக்கும்.

காரணம் யாது? எங்கள் அஸ்தினாபுரத்தில் தெருமுனையில் தண்ணீர் லாரி ஒலி எழுப்பினால் தெரு முழுவதும் குடத்தோடு வரும். தபால்காரரோ கடிதத்தில் கண்ட ஒருவரிடம்தான் கொடுப்பார். கண்ட்ரோல்-சி லாரி ஒலி போன்றது. கெர்னல், 2ஆம் எண்ணுள்ள ‘சிகிண்ட்’ குறிகையை முன்னணியில் உள்ள செயற்குழு முழுமைக்கும் அனுப்புகிறது. சேய் பிறக்கும்போதே தாயின் குழுவில்தான் பிறக்கிறது. ஆகவே அதற்கும் கிடைக்கிறது. கட்டளை வாங்கும் ஷெல் வேறு குழுவில் இருப்பதால் தப்பிக்கிறது. ‘கில்’ கடிதம் போன்றது. அது 15ஆம் எண்ணுள்ள ‘சிக்டெர்ம்’ குறிகையை அந்த ஒரு செயலுக்கே தரும். அநாதையான சேயை 1ஆம் எண் செயலோ, அதற்கென அமர்ந்த வேறொன்றோ ஏற்றுக்கொள்ளும்.

குழுவின் எண் அதன் தலைவரின் எண்ணே, இங்கு 2417. தலைவர் மடிந்தாலும், ஓர் உறுப்பினர் உள்ளவரை அந்த எண் அழியாது. எனவே ‘கில் -டெர்ம் -- -2417’ எனக் கழித்தல் குறியிட்டுக் கட்டளையிட்டால், தாயை இழந்த சேய்க்கும் குறிகை போய்ச் சேரும். சேய் இதற்குள் ‘செட்சிட்’ மூலம் தனிக்குடித்தனம் போயிருந்தால் மட்டும் சேராது. அப்போது அதன் சொந்த எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.