மரியோ குதிக்கும் கணக்கு

டிவித் திரையின் இடது ஓரத்தில் தொப்பியும் மீசையுமாக ஒரு குட்டி ஆள் நிற்கிறான். வலப்பக்கம் முழுக்க வெட்டவெளி. அந்தப் பக்கம் போக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்காது; நம் கட்டைவிரல் தானாக அமுக்கிவிடும். 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானின் நிண்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ இப்படித்தான் தொடங்குகிறது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தது. இசை கோஜி கொண்டோ.

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு இது ‘டிவி கேம்’ என்ற பெயரில், ஜப்பானிய விளையாட்டுப் பெட்டியின் நகல்களில் வந்து சேர்ந்தது. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் செருகுவோம். ஊதியதால் அல்ல, திரும்பச் செருகியதால்தான் அது வேலை செய்தது. எச்சில் ஈரம் உள்ளிருந்த தகடுகளுக்குக் கெடுதல்தான்.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. கடத்தப்பட்ட இளவரசியை மீட்க வேண்டும், அவ்வளவே. பிறகு எதற்காக விடாமல் விளையாடினோம்? என் பதில், அந்தக் குதிப்பு.

நிஜ உலகில் மேலே எறிந்த பந்து, ஏறிய அதே நேரத்தில் இறங்கும். மரியோவுக்கு அந்த விதி கிடையாது. பட்டனை அமுக்கியபடி இருந்தால் புவியீர்ப்பு குறைந்துவிடும். விரலை எடுத்த கணமே கூடிவிடும். அதனால் லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். ஓடிவந்து குதித்தால் இன்னும் உயரம். ஏறும்போது மிதப்பவன் இறங்கும்போது கல்லாக விழுவான். நடுவானில் திசையையும் கொஞ்சம் மாற்றலாம். இயற்பியல் ஆசிரியர் பார்த்தால் பூஜ்யம் போடுவார். ஆனால் விரலுக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது: விழுந்து செத்தால் தப்பு நம்முடையது என்று நாமே ஒப்புக்கொள்வோம்.

அந்தக் குதிப்பை முதல் ஸ்டேஜே சொல்லித் தந்துவிடும். கூம்பா என்னும் முறைப்புக்காரப் பிராணி எதிரே வரும்; தொட்டால் சாவு. செத்தாலும் நஷ்டம் நாலடி தூரம்தான். அடுத்த முறை குதிப்போம். கேள்விக்குறிப் பெட்டியில் தலை இடித்தால் காளான் வரும். அதுவும் கூம்பா சாயலில் இருப்பதால் பயமாக இருக்கும். காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கித் திரும்பும். தாவித் தப்பலாம் என்றால் தலைக்கு மேல் கட்டைகள் தடுக்கும். நம் மேல் பட்டுவிடும், மரியோ பெரியவனாவான். நல்லது எது என்று அப்போதே புரிந்துவிடும். சற்றுத் தள்ளி எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள், நடுவில் தரை. அங்கே விழுந்து பழகியபின் அதே போன்ற இன்னொரு ஜோடி. இந்த முறை நடுவில் பள்ளம்.

இத்தனையும் அடங்கிய இடம் 40 கிலோபைட். வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம்கூடப் பெரும்பாலும் இதைவிடப் பெரிது. அதனால் சிக்கனம் பிடித்தார்கள். வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. எதிரிகளாக ஆமைகள் மட்டும் இருந்தால் புதியவர்களுக்குக் கடினம் என்று கூம்பாவைக் கடைசிக் கட்டத்தில்தான் சேர்த்தார்கள். அதற்குள் இடம் தீர்ந்துவந்தது. ஒரே படத்தை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் காட்டி அதை நடக்க வைத்தார்கள்.

மொத்தம் 32 ஸ்டேஜ்கள். தண்ணீருக்குள் நீந்துபவை எனக்குச் சலிப்பு. அங்கே அந்தக் குதிப்பு இல்லையே! குறுக்குக் குழாய்களில் புகுந்தால் எட்டே ஸ்டேஜில் முடித்துவிடலாம். அதில் கைதேர்ந்தவர்கள் 4 நிமிடம் 55 விநாடிக்குள் முடிக்கிறார்கள். விநாடியில் அறுபதில் ஒரு பங்குக்காக இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

விளையாடக் கிடைத்தால், கூம்பா வருவதற்கு முன் நின்ற இடத்திலேயே பட்டனை ஒரு முறை தட்டிப் பாருங்கள், ஒரு முறை அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.