செஞ்சியில் ஓர் இரவு

செஞ்சிக் கோட்டை ஔரங்கசீப்பின் படையை 1690 முதல் 1698 வரை வெளியே காக்க வைத்தது. அதே கோட்டை, 1750 செப்டம்பரில், ஒரே இரவில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது.

தளபதி புஸ்ஸியின் வீரர்கள் வாயிலை வெடி வைத்துப் பிளந்து கீழ்க்கோட்டைக்குள் புகுந்தார்கள். மேலே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளிலிருந்தும் குண்டு மழை. அவர்களோ பதறவில்லை, நிலவு மறையும் வரை பொறுத்திருந்தார்கள். இருட்டியதும் மூன்று மலைகள் மீதும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடிவதற்குள் கோட்டை அவர்கள் வசம். ராஜகிரியின் செங்குத்தான படிகளில் பகலில் ஏறியவர்களுக்கே அது எத்தகைய காரியம் என்று புரியும்.

இன்றைய சிறப்புப் படை வீரரிடம் எதிர்பார்க்கப்படுவதும் இதே பொறுமைதான். உடல் வலிமை அதற்குப் பிறகு. நம் ராணுவத்தின் பாரா சிறப்புப் படையில் சேர விரும்புவோர் தாமாகவே முன்வர வேண்டும். சுமார் 3 மாதத் தகுதிகாண் காலம். முதுகில் பெருஞ்சுமையோடு நெடுந்தூர நடை, ஓட்டம், தூக்கமில்லாத இரவுகள். சோர்ந்துபோன அந்த நேரத்தில்தான் கணக்கும் வரைபடமும் கொடுத்து மூளையைச் சோதிப்பார்கள். களத்தில் நிதானம் இழப்பவரால் தோளோடு தோள் நிற்கும் தோழனின் உயிருக்கே ஆபத்து.

பெரும்பாலோர் தேறுவதில்லை, தங்கள் பழைய பிரிவுக்கே திரும்புகிறார்கள். முயன்று பார்த்த அவர்களும் நம் வணக்கத்துக்கு உரியவர்களே.