கனவு நூல்களும் இப்னு ஸீரீனின் பெயரும்

கனவில் பல் விழக் கண்டால் குடும்பத்தில் ஒருவருக்கு மரணம் நேரும் என்ற அச்சம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. ஆதாரம் யாதெனக் கேட்டால், இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் நூலில் உள்ளது என்பர். அப்பெயரைக் கேட்டபின் மறுவினா எழுவதில்லை. இந்த நம்பிக்கையின் வேர் எது என்பதை, கனவு நூல்கள் பற்றிய ஆய்வுகளின் துணைகொண்டு ஆராய்வோம்.

கனவுக்குப் பலன் கூறும் ஏடுகள் மிகத் தொன்மையானவை. எகிப்தின் தெய்ருல் மதீனாவில் கண்டெடுக்கப்பட்டு, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பாப்பிரஸ் சுவடியொன்று கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒருவன் கனவில் இன்னதைக் கண்டால் நன்று, இன்னதைக் கண்டால் தீது என்று அது வரிசையாகக் கூறிச் செல்கிறது. தீமையைக் குறிக்கும் சொல் செந்நிற மையால் எழுதப்பட்டிருக்கிறது. நினிவாவில் அசூர்பனிப்பால் மன்னனின் நூலகத்திலும் களிமண் பலகைகளில் பொறிக்கப்பட்ட கனவு நூல் கிடைத்தது. அதனை ஆராய்ந்து லியோ ஒப்பன்ஹைம் 1956இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாக விளங்குகிறது.

இத்தகைய பட்டியல்கள் வழங்கிய எகிப்திலேயே ஸூரா யூஸுஃப் கூறும் நிகழ்ச்சிகள் நடந்தன. மன்னரின் கனவைக் கேட்ட அவையோர் அதனைக் குழப்பமான கனவென்று ஒதுக்கினர். அதற்கு விளக்கம் கூறத் தாம் அறியோம் என்றும் ஒப்புக்கொண்டனர். யூஸுஃப் (அலை) அவர்களோ, சிறைத் தோழர்களின் கனவுகளை விளக்குமுன், இந்த அறிவு தம் இறைவன் தமக்குக் கற்பித்தவற்றுள் ஒன்று என்பதை முதலில் உணர்த்தினார்கள். கனவு விளக்கத்தை முஸ்லிம் அறிஞர்கள் பொறுப்புமிக்க ஓர் அறிவாகக் கருதியமைக்கு இதுவே தோற்றுவாய்.

அவ்வறிவில் பெயர்பெற்ற இப்னு ஸீரீன் (ரஹ்), பஸராவில் வாழ்ந்த தாபிஈ. அவருடைய தந்தை, நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்டவர். துணி வணிகராகவும், பேணுதல் மிக்க நபிமொழி அறிவிப்பாளராகவும் விளங்கிய இப்னு ஸீரீன் ஹிஜ்ரி 110இல் (கி.பி. 729) மறைந்தார். பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் அவரிடம் வந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. ஒருவருக்கு ஹஜ் வாய்க்கும் என்றும், மற்றவர் திருட்டுக்காகத் தண்டனை பெறுவார் என்றும் அவர் கூறினாராம். முன்னதற்கு ஹஜ்ஜுக்கு அழைக்குமாறு இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையும், பின்னதற்கு யூஸுஃப் (அலை) அவர்களின் சகோதரர்களைத் திருடர்கள் எனக் கூவி அறிவித்த நிகழ்ச்சியும் ஆதாரங்களாம். கனவு ஒன்றே; கண்டவர்களின் நிலை வேறு. ஆகவே விளக்கமும் வேறாயிற்று.

இனி நூலுக்கு வருவோம். கி.பி. 987இல் இப்னுந் நதீம் தொகுத்த ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலிலேயே இப்னு ஸீரீனின் பெயரால் ஒரு கனவு நூல் குறிக்கப்படுகிறது. ஆனால் அவர் இத்துறையில் நூல் இயற்றினார் என்பதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அவர் பெயரில் அச்சாகிப் பரவியுள்ள ‘முன்தகபுல் கலாம்’ என்னும் நூலோ, ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூ ஸஃதின் கூற்றுகளை எடுத்தாள்கிறது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பின்னவரின் சொற்களை இப்னு ஸீரீன் மேற்கோள் காட்டியிருக்க இயலாது. அந்நூல் பிற்காலத் தொகுப்பென்பது அதனுள்ளிருந்தே புலனாகிறது.

பல் பற்றிய விளக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எஃபெஸஸ் நகரைச் சேர்ந்த அர்த்தமிதோரஸ் என்ற கிரேக்கர் கனவு விளக்கம் பற்றி ஐந்து பாகங்களில் எழுதினார். வாயை வீடாகவும், பற்களை அவ்வீட்டில் வாழ்வோராகவும் கொண்டு பலன் கூறுபவர் அவர். அவருடைய நூலை 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியாக்கினார். கிரேக்கத் தெய்வங்கள் வந்த இடங்களில் வானவர்களை அமைத்து, ஓரிறை நம்பிக்கைக்கு இசைவாக அவ்வாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. இஸ்தான்பூலில் கிடைத்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு, அதன் முதல் மூன்று பாகங்களை தவ்ஃபீக் ஃபஹ்த் 1964இல் திமிஷ்கில் பதிப்பித்தார். அப்பாஸிய கலீஃபா அல்-காதிர் பில்லாஹ்வின் பெயரால் ஹிஜ்ரி 397இல் (கி.பி. 1006) கனவு நூலொன்றை இயற்றிய தீனவரீ, அர்த்தமிதோரஸின் கருத்துகளை அவர் பெயர் சொல்லியே எடுத்தாண்டார்.

அறிவு மீண்டும் எதிர்த்திசையிலும் பயணித்தது. பைஸாந்தியத்தில் ‘அஹ்மத் இப்னு ஸீரீம்’ என்பவர் பெயரால் கிரேக்க மொழியில் ஒரு கனவு நூல் வழங்கியது. தன் விளக்கங்கள் இந்தியர், பாரசீகர், எகிப்தியர் ஆகியோருடையவை என்று அது கூறிக்கொள்கிறது. அவற்றின் உண்மையான ஊற்று முஸ்லிம்களின் அரபு நூல்களே என்பதை மரியா மவ்ரூதி 2002இல் விரிவாக நிறுவினார். இப்னு ஸீரீனின் பெயர் மதத்தின் எல்லையையும் கடந்து செல்வாக்குப் பெற்றிருந்ததற்கு இதுவே சான்று.

கிரேக்கரிடமிருந்து பெற்றது இழுக்கன்று. எடுத்த இடத்தைச் சொல்லி எடுத்தாண்ட தீனவரீயின் நேர்மை நமக்கு முன்மாதிரி. ஒருவர் சொல்லாததை அவர் பெயரால் வழங்குவதுதான் பிழை. அதிலும் எவர் பெயரால்? மார்க்க அறிவை யாரிடமிருந்து பெறுகிறோம் என்பதை உற்றுநோக்குமாறு எச்சரித்தவர் இப்னு ஸீரீன். குழப்பம் தோன்றியபின் அறிவிப்பாளர் தொடரை வினவும் வழக்கம் உண்டானதை நமக்கு அறிவித்தவரும் அவரே. இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பின் முன்னுரையில் இவற்றைப் பதிந்துள்ளார்கள். தொடரை வற்புறுத்திய அப்பெருமகனாரின் பெயரையே தொடரற்ற செய்திகளுக்கு நாம் முத்திரையாக்கியிருக்கிறோம்.

கனவுகள் மூவகை என்னும் நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்களிடமிருந்து அறிவிப்பவரும் இப்னு ஸீரீனே. இறைவனின் நற்செய்தி, ஷைத்தானின் அச்சுறுத்தல், மனத்தின் எண்ணம் என அவை வகுக்கப்படுகின்றன. வெறுக்கத்தக்க கனவைக் கண்டவர் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடவேண்டும். அதைப் பிறரிடம் கூறலாகாது. அது அவருக்குத் தீங்கிழைக்காது என்பதே நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். பல் விழக் கண்டு கலங்கி எழுபவருக்கு இப்னு ஸீரீனின் பெயரால் எதையேனும் சொல்ல விரும்பினால், அறிவிப்பாளர் தொடருடன் அவர் நமக்களித்துச் சென்றதிலிருந்தே சொல்வோம்.